சொந்த ரத்தம்

கிழக்கு வெளுக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. கொப்பரையில் ஈயம் தளதளவென்று உருகிக் கிடந்தது. முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும். விரலை வைத்தால் விரல் மிஞ்சாது. அதன்மேல் பாலாடைபோலக் கசடு படியும். அந்தக் கசடை ஆள் உயர இரும்புக் கரண்டியால் வழித்து வழித்து ஓரமாகத் தள்ள வேண்டும். பதினோரு வருடமாக அவனுக்கு இதுதான் வேலை. அதனால் அவன் பெயரே கரண்டி என்றாகிவிட்டது. பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்ப்பானா என்பது சந்தேகம்.

பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்கும் பட்டறை அது. முன்கொட்டகையில் உடைப்பார்கள், பின்கொட்டகையில் உருக்குவார்கள். உடைக்கிற இடத்தில் அமிலம் மூக்கை அரிக்கும். உருக்குகிற இடத்தில் புகை. கொப்பரைக்கு மேலே அந்தப் புகையை உறிஞ்சி வெளியே தள்ள ஒரு பெரிய மின்விசிறி உண்டு. அது நின்று ஐந்து மாதமாகிறது. கேட்டால் முதலாளி "பார்ட்ஸ் வரணும்பா" என்பார். பார்ட்ஸ் நடந்தே வருகிறதுபோல.

புகை நாக்கில் பட்டால் லேசாக இனிக்கும். ஈயத்தின் இனிப்பு அது. புதிதாக வருகிறவன் "என்னடா இது, தித்திக்குது" என்று ஆச்சரியப்படுவான். ஒரு மாதம் போனால் சோறே கசக்கும்.

"என்னப்பா கரண்டி, இன்னிக்கு வள்ளல் வந்தாச்சா?" என்று பக்கத்துக் கொப்பரையிலிருந்து புதுமாப்பிள்ளை கேட்டான். அவனுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிவிட்டது. இன்னும் தகப்பனாகாததால் பட்டம் மட்டும் மாறவில்லை.

கரண்டி கசடை வழித்து ஓரமாகத் தள்ளினான். சட்டைக்கு உள்ளே, நெஞ்சோடு ஒட்டி, ஒரு காகிதம் வேர்வையில் நனைந்துகொண்டிருந்தது. நான்கு நாளாக அது அங்கேயேதான் இருக்கிறது. இன்று உச்சிவேளைக்கு அவன் மச்சினன் வந்து அவன் மனைவியைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறான். அதற்குள் அந்தக் காகிதத்தை அவளிடம் காட்டவேண்டும். காட்டுவதற்குத் தைரியம் வரவில்லை.

வள்ளல் என்பது வாசல் காவல்காரர். அந்தப் பட்டம் அவருக்கு வந்த கதை இது.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பட்டறைக்கு ஒரு லேப்காரன் வந்து தொழிலாளிகளின் ரத்தம் எடுப்பான். சட்டப்படி எடுத்தாக வேண்டும். ரத்தத்தில் ஈயத்தின் கணக்கு ஐம்பதைத் தாண்டியவனை "ஓய்வு" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஓய்வு என்றால் சம்பளம் இல்லாத ஓய்வு. மூன்று வருடத்துக்கு முன்பு நெட்டையன் என்று ஒருவனை அப்படித்தான் அனுப்பினார்கள். அவன் வீட்டில் உலை வைப்பதே அருகிப்போனது. கடைசிவரை அவனைத் திரும்பக் கூப்பிடவில்லை.

அதற்கு அடுத்த தடவை கரண்டிதான் யோசனை சொன்னான். லேப்காரன் முதலாளியின் குளிரூட்டிய அறைக்குள் உட்கார்ந்திருப்பான். தூசி உள்ளே வரக் கூடாதென்று கதவைச் சாத்திவிடுவார்கள். ஒவ்வொருவரும் ஜன்னல் கம்பி வழியே டோக்கனைக் கொடுத்துவிட்டுக் கையை உள்ளே நீட்ட வேண்டும். லேப்காரனுக்குத் தெரிவது ஒரு கை, ஓர் எண். முகத்தைப் பார்க்க மாட்டான்.

"காவல்காரரு வாசல்லயேதான் கிடக்கிறாரு. அவரு ரத்தத்துல என்ன இருக்கப் போகுது? நம்ம டோக்கனை எடுத்துட்டு அவரே கையை நீட்டட்டும்" என்றான் அன்று கரண்டி.

உலைப்பக்கம் ஆறு பேர். காவல்காரர் வலது கையில் மூன்று, இடது கையில் மூன்று என்று ஆறு பேருக்காகவும் ஊசி குத்திக்கொண்டார். "என் உடம்புல எதைப் பிடுங்கினாலும் பிரயோஜனமில்லன்னு எம் பொண்டாட்டி சொல்லுவா. இன்னிக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கடா" என்று சிரித்தார். அன்றிலிருந்து அவர் வள்ளல். அறிக்கையில் எல்லோருக்கும் எட்டு, ஒன்பது என்றே வந்தது. ஒருவனுக்கும் வேலை போகவில்லை. கரண்டியை மூளைக்காரன் என்று தோளில் தட்டினார்கள். அவனும் மகிழ்ந்துபோனான்.

அந்த மூளை என்ன வேலை செய்து வைத்திருக்கிறது என்று நான்கு நாளுக்கு முன்புதான் தெரிந்தது.

அவனுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். மனைவி வீட்டிலேயே தையல் தைப்பாள். இந்த ஒன்பது வருடத்தில் அவள் விழுங்காத மாத்திரை இல்லை. ஊசி போட்டார்கள். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பார்த்த டாக்டர் எல்லோரும் "உனக்கு ஒண்ணும் இல்லம்மா, உன் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா" என்றார்கள். அவள் வந்து சொல்லுவாள். அவன் "நான் என்ன நோயாளியா?" என்று எரிந்து விழுவான். கொப்பரை முன்னால் எட்டு மணி நேரம் நிற்கிறவனைப் பார்த்து ஆம்பிளையா என்று சோதிக்கச் சொல்கிறாளே என்று அவனுக்கு ரோஷம்.

அவன் அம்மா போன மாதம் வேறு ஒரு பெண்ணைப் பார்த்து வைத்துவிட்டாள். மனைவி அழவில்லை, சண்டைக்கும் போகவில்லை. தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"நான் போயிடறேன். போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க. எனக்காக இல்ல. அடுத்து வர்றவளுக்காக."

அந்த வார்த்தை அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அரசு மருத்துவமனையில் நிறுத்தியது. பரிசோதனை முடிந்து, காகிதத்தைப் பார்த்த டாக்டரம்மா முதலில் கேட்டது, "என்ன வேலை பார்க்கறீங்க?"

"ஈயப் பட்டறைங்க. உருக்குற இடம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "வாயைத் திறங்க. ஈறைக் காட்டுங்க." பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பென்சிலால் கிழித்ததுபோல நீலமாக ஒரு கோடு ஓடியது. அவன் அதைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறான். பீடிக் கறை என்று நினைத்திருந்தான். அப்போதே ரத்தமும் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து வரச்சொல்லி எண்ணைச் சொன்னார்கள். எழுபத்திரண்டு.

"உடம்புக்குத் துத்தநாகம்னு ஒண்ணு வேணும்" என்றார் டாக்டரம்மா. "கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனா அது இல்லாம விந்து ஒழுங்கா உருவாகாது. அது உட்கார வேண்டிய இடத்துல ஈயம் போய் உட்கார்ந்துக்குது. பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிச்சவன் மாதிரி, எழுந்திரிக்க மாட்டேங்குது. பழைய பேட்டரியில கேட்மியம்னு இன்னொரு உலோகமும் கொஞ்சம் வரும். அதுவும் சேர்ந்துக்கிட்டா இன்னும் மோசம். உங்க விந்துல உயிரணு ரொம்ப ரொம்பக் கம்மி. இருக்கிறதும் நகர மாட்டேங்குது."

"தினம் ஒரு டம்ளர் பால் தர்றாங்கம்மா. பால் குடிச்சா ஈயம் இறங்கிடும்னு முதலாளி சொல்லுவாரு."

"பால் நல்லதுதான். குடிங்க. ஆனா ஈயத்துக்கு அது மருந்து இல்ல."

 "தேறுமா?" என்றான் அவன்.

"புகையை விட்டு வெளிய வந்தா சிலருக்குத் தேறுது. புதுசா உயிரணு உருவாகி வரவே மூணு மாசம் கிட்ட ஆகும். எலும்புக்குள்ள இறங்கின ஈயம் வெளிய வர வருஷக்கணக்காகும். கண்டிப்பா தேறும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்." அவர் பேனாவை மறுபடி எடுத்தார். "உங்க பட்டறையில ரத்தம் எடுப்பாங்களே, அதுல என்ன வந்தது?"

அவன் காகிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

"இந்த ஒரு காகிதத்தை வெச்சு நான் மேலதிகாரிங்களுக்கு எழுதினா, இந்த ஆள் உடம்பு மட்டும்தான் இப்படின்னு சொல்லிடுவாங்க. மத்தவங்களையும் கூட்டிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்து, "ரிசல்ட் இன்னும் வரல" என்றான். நான்கு நாளும் அதையே சொன்னான். அவள் நான்கு நாளும் ஒவ்வொரு துணியாக மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஏழு மணிக்கு லேப்காரனின் வண்டி உள்ளே வந்தது. காவல்காரர் வழக்கம்போலச் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு பின்கொட்டகைக்கு வந்தார். "கொடுங்கடா டோக்கனை. சீக்கிரம். நான் கேட்டுக்குப் போகணும்."

ஐந்து பேர் கொடுத்தார்கள். கரண்டி தன் டோக்கனைக் கைக்குள்ளே இறுக்கிக்கொண்டான்.

"என்னய்யா, உனக்கு வேணாமா?"

"வேணாம்ண்ணே. இன்னிக்கு என் கையை நானே நீட்டுறேன்."

"பைத்தியமா உனக்கு? எண்ணு எகிறும். வீட்டுக்கு அனுப்பிடுவான்" என்றான் புதுமாப்பிள்ளை.

கரண்டி நேரே ஜன்னலுக்குப் போனான். முன்கொட்டகையில் பேட்டரி உடைப்பவர்கள் அங்கே வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களும் தங்களுக்குப் பதிலாக நீட்ட வேறு யார் யாருடைய கையையோ ஏற்பாடு செய்துவைத்துத்தான் நின்றார்கள். கம்பிக்குள் அவன் கையை நீட்டினான். ஈயம் தெறித்த தழும்புகள் முழங்கைவரை அம்மைத் தழும்புபோல இருந்தன. லேப்காரன் முதல்முறையாகத் தலையைத் தூக்கிப் பார்த்தான். எழுந்து போய் முதலாளியின் காதில் ஏதோ சொன்னான்.

முதலாளி வெளியே வந்தார். கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார். "என்ன இங்க? கொப்பரையை யார் பார்க்கிறது?"

"எனக்கு ரத்தம் எடுக்கச் சொல்லுங்க முதலாளி."

"எடுத்துட்டுதானே இருக்கோம். மூணு வருஷ ரிப்போர்ட் பெட்டியில கிடக்கு. உனக்கு எட்டு. உலைப்பக்கம் ஒருத்தனுக்கும் பத்தைத் தாண்டல. இத்தனை நாள் இல்லாம இன்னிக்கு என்ன வந்தது உனக்கு?"

கரண்டி சட்டைக்குள் கைவிட்டுக் காகிதத்தை எடுத்தான். மடிப்பில் கிழிந்திருந்தது. சுற்றிலும் இருபது பேர் நின்றார்கள். இந்த இருபது பேர் முன்னால் இதைச் சொல்வதைவிடக் கொப்பரைக்குள் கையை விடுவது சுலபம் என்று அவனுக்குத் தோன்றியது. ஆனாலும் சொன்னான்.

"எனக்குக் குழந்தை பிறக்காது முதலாளி. குறை எம் பொண்டாட்டிகிட்ட இல்ல, எங்கிட்ட. விந்துல உயிரு இல்ல. ரத்தத்துல ஈயம் எழுபத்திரண்டு. ஆஸ்பத்திரியில எழுதிக் கொடுத்திருக்காங்க."

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இந்த மாதிரிப் பேச்சு வந்தால் சிரிப்பது அங்கே பழக்கம். ஆனால் கூடச் சிரிக்க ஆள் கிடைக்கவில்லை. சிரிப்பு பாதியிலேயே அடங்கியது.

முதலாளி தோளைக் குலுக்கினார். "உன் வீட்டுப் படுக்கையறை விவகாரத்துக்குப் பட்டறை ஜவாப்தாரியா? பீடி குடிக்கிறே. தண்ணி போடறே. இங்க எழுதி வெச்சிருக்கிறது எட்டு."

"அந்த எட்டு என்னுது இல்ல" என்றான் கரண்டி. "காவல்காரரோடது. உலைப்பக்கம் ஆறு பேருக்கும் அவருதான் கையை நீட்டினாரு. யோசனை சொன்னது நான். வேலை போயிடுமேன்னு சொன்னேன்."

 காவல்காரர் சுருட்டின சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டார்.

முதலாளியின் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தார்கள். சிரிப்பு வந்தது. "அடேயப்பா, பெரிய ரகசியத்தை உடைச்சிட்டான். ஆறு பேருக்கும் ஒரே ரத்தம்னு லேப்காரன் ரெண்டாந்தடவையே எங்கிட்ட சொல்லிட்டான்யா. நீங்களே பண்ணின ஃபோர்ஜரி. வெளிய போய்ப் பேசினா மாட்டிக்கிறது யாரு? வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருங்க."

கரண்டி காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தான். அவர் சொல்வது உண்மைதான். எல்லோரையும் கட்டிப்போட்ட கயிற்றைத் திரித்துக் கொடுத்தது அவனேதான்.

அப்போது வரிசையிலிருந்து சுத்தியல் என்பவன் முன்னால் வந்தான். பேட்டரி உடைக்கிறவன், மணிக்கட்டு நரம்பு செத்துப்போய் வலது கை தொங்கும். இடது கையால்தான் இப்போது சுத்தியல் பிடிக்கிறான். அதிகம் பேசாத ஆள்.

"அப்போ உங்களுக்குத் தெரியும்" என்றான் அவன்.

"தெரியும்னுதானே சொல்றேன்."

"நாங்க வயித்துக்காகப் பொய் சொன்னோம் முதலாளி. நீங்க எதுக்காக அந்தப் பொய்யைப் பெட்டியில வெச்சுப் பூட்டினீங்க?"

முதலாளி மூக்கிலிருந்து கர்ச்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.  இருபது பேர் காதிலும் தன் வாயாலேயே போட்டுவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

"எம் பொண்டாட்டிக்கு மூணு தடவை கலைஞ்சது" என்றான் சுத்தியல். அவன் இப்போது முதலாளியைப் பார்த்துப் பேசவில்லை. "அவளை ராசி இல்லாதவள்னு சொன்னாங்க. நானும் சொன்னேன்."

புதுமாப்பிள்ளை தன் டோக்கனைக் காவல்காரர் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினான். அவன் கண் சிவந்திருந்தது, புகையாகவும் இருக்கலாம். "நாலு வருஷமா என்னைப் புதுமாப்பிள்ளை, புதுமாப்பிள்ளைன்னு... எனக்கும் ஊசி போடுடா. என் கையில போடு!"

லேப்காரன் ஜன்னலைச் சாத்திவிட்டான்.

"நல்லாக் கேட்டுக்குங்க" என்று முதலாளி கத்தினார். "அஞ்சு நிமிஷத்துல வேலைக்குத் திரும்பாதவன் ஒருத்தனும் நாளைக்கு உள்ள வர முடியாது. வெளியில நூறு பேர் வேலைக்கு நிக்கிறான்."

"நிக்கட்டும். அவங்ககிட்டயும் காகிதத்தைக் காட்டுறோம்" என்றான் கரண்டி. "ஃபேன் ஓடணும். குளிக்கத் தண்ணி வேணும், இந்த வேலைத்துணி வீட்டுக்குப் போகக் கூடாது. ரத்தம் அரசாங்க ஆஸ்பத்திரியில எடுக்கணும். எண்ணு ஏறினவனுக்குச் சம்பளத்தோட ஓய்வு. இது அத்தனையும் நடந்தாத்தான் உலை எரியும்."

பேச்சு இவ்வளவு சரளமாக வந்தது அவனுக்கே ஆச்சரியம். நான்கு நாளாக வேறு எதையும் நினைக்காததால் வந்திருக்கும்.

அவன் பின்கொட்டகைக்கு நடந்து போனான். நெருப்பைத் தணிப்பதற்கு முன்னால் கொப்பரையிலிருந்து கரண்டியை எடுத்துவிட வேண்டும். முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. எடுக்காவிட்டால் ஈயம் அப்படியே அதைக் கவ்வி இறுகிவிடும். பதினோரு வருடத்தில் ஒருநாளும் அவன் அதை மறந்ததில்லை. இன்றும் மறக்கவில்லை. உலையின் நெருப்பு வாயை அடைத்தான். கரண்டியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தான்.

"காவல்காரரே, கேட்டைச் சாத்து! எவனையும் விடாதே!" என்று முதலாளியின் குரல் கேட்டது.

"சாத்துறேன் முதலாளி" என்றார் காவல்காரர். "நானும் வெளிய போயிட்டுச் சாத்துறேன்." சாவியை ஸ்டூல்மேல் வைத்துவிட்டு அவர்களோடு சேர்ந்துகொண்டார். எல்லோரும் வரவில்லை. மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டு கொட்டகைக்குள் போனார்கள். அவர்கள் வீட்டுக் கஷ்டம் எல்லோருக்கும் தெரியும், யாரும் ஏசவில்லை. வெளியே வந்தவர்கள் பதினெட்டு பேர்.

"ஆஸ்பத்திரிக்கு நடங்க" என்றான் கரண்டி. "எனக்கு வீட்ல ஒரு வேலை இருக்கு."

"சேர்ந்தே போகலாம். உன் வீடு வழியிலதானே" என்றான் சுத்தியல்.

தெருமுனையில் அவர்கள் நின்றுகொள்ள, அவன் மட்டும் வீட்டுக்குப் போனான். மச்சினன் ஏற்கெனவே வந்துவிட்டான். கயிறு கட்டின பெட்டி வாசலில் இருந்தது. தையல் இயந்திரத்துக்கு மேல் துணி போர்த்தியிருந்தது, செத்தவரை மூடுவதுபோல. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அவன் காகிதத்தை மனைவியிடம் நீட்டினான். அவள் நின்றபடியே படித்தாள். மேலே இருந்த தேதியில் அவள் பார்வை நின்றது.

"நாலு நாளா?" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. "நாலு நாளா இதை வெச்சுக்கிட்டு என்னைத் துணி மடிக்க விட்டியாய்யா?"

"ஆமா."

"ஒன்பது வருஷம் என் வயித்துல ஊசியாக் குத்தினாங்களே. ஒன்பது வருஷம்."

"ஆமா" என்றான் மறுபடியும்.  அம்மாவைப் பார்த்து, "குறை எங்கிட்டம்மா. பார்த்து வெச்ச பொண்ணுக்கு வேற இடம் சொல்லிடு" என்றான். அம்மா கையிலிருந்த கரித்துணியைக் கசக்கிக்கொண்டே நின்றாள். மருமகளின் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். சத்தமில்லாமல், தோள் குலுங்கக் குலுங்க, ஒன்பது வருடத்துக்கும் சேர்த்து. அவன் பக்கத்தில் போகத் துணியவில்லை. அவன் சட்டை முழுக்க ஈயத் தூசி.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஜன்னல் வழியே தெருமுனையைப் பார்த்தாள். "அங்க யாரு அத்தனை பேரு?"

"பட்டறை ஆளுங்க. உலையை அணைச்சிட்டோம். எல்லாரும் ரத்தம் கொடுக்கப் போறோம். அவங்கவங்க ரத்தம்." "வேலை இருக்குமான்னு தெரியாது" என்றான். "தேறுமான்னும் தெரியாது."

அவள் அண்ணனிடம் திரும்பினாள். "நீ சாப்பிட்டுட்டுக் கிளம்புண்ணா. பெட்டி இங்கயே இருக்கட்டும். நான் இப்போ ஆஸ்பத்திரிக்குப் போகணும்." அப்புறம் கணவனிடம், "உன்னை மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காதே. உன்னை அப்புறம் வெச்சுக்கிறேன்" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு அவனுக்கு முன்னால் நடந்தாள்.

தெருமுனையில் ஆண்கள் அவளுக்கு வழிவிட்டார்கள். சுத்தியலைப் பார்த்து அவள் கேட்டாள்: "அண்ணே, உங்க வீட்ல அவங்களுக்கு இது தெரியுமா?"

அவன் தலையாட்டினான், இல்லை என்று.

"முதல்ல அவங்களைக் கூப்பிடலாம், வாங்க. யாராருக்குச் சொல்லணுமோ, வழியில ஒவ்வொரு வீடாச் சொல்லிட்டே போவோம்."

மருத்துவமனை வாசலை அடையும்போது ஆண்களும் பெண்களுமாக முப்பது பேருக்கு மேல் ஆகியிருந்தார்கள். நீண்ட வராந்தாவில் வரிசை வளைந்து நின்றது. பட்டறைப் பக்கம் ஒரு போலீஸ் வண்டி போனதாக யாரோ வந்து சொன்னார்கள். முதலாளி புது ஆள் தேடிக் கிளம்பிவிட்டாராம். கேட்டுக்கொண்டார்கள், ஒருவரும் வரிசையை விட்டு நகரவில்லை. பின்கொட்டகையில் இந்நேரம் ஈயம் இறுகியிருக்கும், கரண்டி அதன் நடுவே குத்திட்டு நின்றிருக்கும்.

நர்ஸ் மேஜையிலிருந்து நிமிர்ந்தார். கைகளைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"முதல்ல யாரு? பேரைச் சொல்லுங்க."

பதினோரு வருடமாக யாரும் கூப்பிடாத பெயரைக் கரண்டி சொன்னான். அவன் மனைவி பக்கத்தில் வந்து நின்று, அவனுடைய அழுக்குச் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டாள்.